கைக்கு ஒரு துணை
(தெல்தெனியவில் சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இம்மேடையிலே வழக்கமாகச் சமயம், இலக்கியம், கல்வி என்று பேசுவார்கள். நான் மணிக்கட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உங்கள் செயலாளர் தம்பி தொலைபேசியிலே என்னிடம் தலைப்பைக் கேட்டபோது "மணிக்கட்டு" என்றேன். அவர் அதை "மணிக்கூடு" என்று காதில் வாங்கிக்கொண்டு, "நேரத்தின் அருமையா, ஐயா? இளைஞர்களுக்கு மிகவும் வேண்டிய விஷயம்" என்று மகிழ்ந்து போனார். அழைப்பிதழிலும் "நேரத்தின் அருமை" என்றே அச்சாகிவிட்டது. அதை நம்பி வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். நேரத்தைப் பற்றியும் என் பேச்சில் ஓரிடம் வரும். செயலாளர் முழுவதும் தவறவில்லை.

முதலில் எல்லோரும் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். வலது கையை முன்னே நீட்டுங்கள். உள்ளங்கை முன்கைப் பக்கம் போகும்படி மணிக்கட்டை முடிந்த மட்டும் கீழே மடியுங்கள். மடித்தபடியே இறுக்கிக் கை பொத்திப் பாருங்கள். முடியவில்லை அல்லவா? விரல்கள் பாதி வழியிலே நின்று விடுகின்றன. இப்பொழுது மணிக்கட்டைச் சற்றுப் பின்னால் நிமிர்த்திப் பொத்துங்கள். பிடி தானாக இறுகுகிறது. விரலை மடக்கும் தசைகள் விரலிலே இல்லை. முழங்கைக்குக் கீழே முன்கையிலே இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறுகள் போல மணிக்கட்டைத் தாண்டி விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டு விழுந்தால் கயிறு தளர்ந்துவிடும். எட்டுச் சிறு எலும்புகள் நெருக்கி அடுக்கிய அந்தச் சிறிய இடம்தான் விரல்களுக்கெல்லாம் அத்திவாரம். அந்த அத்திவாரத்தை அரித்துத் தின்னுகிற நோய் ஒன்றைப் பற்றியே சொல்ல வந்தேன்.

நம் பகுதியில் மூட்டு நொந்தால் எல்லாவற்றுக்கும் "வாதம்" என்று ஒரே பெயர். வயது போனவருக்கு முழங்கால் தேய்ந்து நோவதும் வாதம். ஒரு பக்கத்துக் கை கால் விழுந்துபோவதும் வாதம். முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் விரல் மூட்டுகள் வீங்கிக் காலையில் மடிக்க முடியாமற் போவதும் வாதம். ஒரே பெயரால் அழைப்பதனால் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுகிறோம். நான் சொல்வது மூன்றாவதாகச் சொன்னது. தமிழிலே முடக்குவாதம் என்கிறார்கள். ஆங்கில வைத்தியத்திலே "ருமற்றொயிட் ஆத்திரைட்டிஸ்" என்ற பெயரை 1859-இல் லண்டன் வைத்தியரான அல்பிரட் கராட் இட்டார்.

இது தேய்மானத்தால் வருவதன்று. வெளியிலிருந்து வரும் கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவற்படை, ஆள் தெரியாமல் சொந்த மூட்டின் உட்சவ்வையே தாக்குகிறது. அச்சவ்வு வீங்கித் தடித்து, பக்கத்திலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது; மூட்டைக் கட்டி வைத்திருக்கும் நாண்கள் தளர்கின்றன. வயது வந்தவர்களில் ஏறக்குறைய 100 பேருக்கு ஒருவர், அல்லது அதற்குச் சற்றுக் குறைவு என்று கணக்கிடுகிறார்கள். ஆண்களைப் போல இரண்டு மூன்று மடங்கு பெண்களுக்கு வருகிறது. பெரும்பாலும் தொடங்குவது முப்பதுக்கும் அறுபதுக்கும் இடையிலே, அதாவது வீடு அவர்கள் கையை நம்பியிருக்கும் காலத்திலே. இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வரும். மணிக்கட்டையும் விரல்களின் அடி மூட்டையும் நடு மூட்டையும் பிடிக்கும். நுனி மூட்டைப் பெரும்பாலும் விட்டுவிடும். காலையில் எழுந்தால் கை ஒரு மணி நேரமாவது விறைத்துக் கிடக்கும். இந்தக் காலை விறைப்பை மறவாதீர்கள்.

இதை நான் புத்தகத்திலே படிப்பதற்கு முன் எங்கள் லயத்துக் காம்பராவிலே பார்த்தேன்.

என் தாயார் இந்த மலைகளிலே கொழுந்து பறித்தவர். விக்டோரியா அணைக்கட்டு 1985-இல் திறக்கப்பட்டுப் பழைய தெல்தெனியக் கடைத்தெரு நீருக்குள்ளே போன அந்தக் காலத்திலே நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. விடியற்காலை பிரட்டுக்களத்துக்குப் போகுமுன் அம்மா வாளியில் சுடுதண்ணீர் வைத்து இரண்டு கைகளையும் அதற்குள்ளே விட்டுக்கொண்டு குந்தியிருப்பார். பேசமாட்டார். பிறகு படங்கைக் கட்டுவதற்கு என்னைக் கூப்பிடுவார்; விரல் முடிச்சுப் போடாது. பிரட்டுக்களத்திலே கையைச் சேலைத் தலைப்புக்குள்ளே மறைத்துக்கொள்வார். கங்காணியார் கண்டால் அரைப்பேர் ஆகிவிடும் என்ற பயம். இப்படி நாலு வருஷம் மறைத்தார். அந்த நாலு வருஷத்திலே மணிக்கட்டு முன்பக்கம் சரிந்தது. விரல்கள் நாலும், ஓயாமல் ஒரு பக்கத்துக் காற்று அடித்த மானாப்புல்லைப் போல, சுண்டுவிரற் பக்கமாகச் சாய்ந்தன.

ஒருநாள் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே பிளாஸ்டரிலே வார்த்து நாடா வைத்த ஒன்றைக் கையிலே கட்டி, "இதைப் போட்டுக்கொள்ள வேண்டும்" என்று அனுப்பினார்கள். வேறொன்றும் கேட்கவில்லை, சொல்லவுமில்லை. அது முழங்கைக்குக் கிட்ட ஆரம்பித்து உள்ளங்கை முழுவதையும் மூடி விரலடி வரை வந்தது. அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியிலே மாட்டி வைத்தார். அரசாங்கம் கொடுத்த பொருள் என்ற மரியாதை. கையிலே மாட்டவில்லை.

"ஏம்மா அதப் போடல?" என்று கேட்டேன்.

"அதப் போட்டா ரொட்டி தட்ட முடியாது தம்பி. ஒங்க அஞ்சு பேருக்கும் யாரு தட்டுறது?" என்றார்.

அந்தக் கேள்விக்கு எனக்கு அப்பொழுது பதில் தெரியவில்லை. செக்ரோலிலே பேர் எடுபடும் வரை அது அந்த ஆணியிலேயே தொங்கியது. பல வருஷம் கழித்துக் கொழும்பிலே இந்தத் தொழிலைப் படிக்கும்போதுதான் விளங்கிற்று: அம்மாவின் நோய் என்னவென்று அங்கே கேட்டார்கள், அம்மாவின் வேலை என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்காகவே ஒரு வைத்தியத் துறை இருக்கிறது. அதற்குத் தொழில்வழிச் சிகிச்சை என்று பெயர்.

இந்தப் பெயரால் எங்களுக்கு உண்டாகும் தொல்லை கொஞ்சமன்று. கதவிலே பலகையைப் பார்த்துவிட்டு, இங்கே தொழில் எடுத்துக் கொடுப்பார்கள் என்று எண்ணிச் சான்றிதழ்களோடு வந்து வரிசையிலே நின்ற இளைஞர்களை நான் கண்டிருக்கிறேன். "தொழில்" என்றால் இங்கே சம்பள வேலை மாத்திரமன்று. தலை சீவுவது, பொத்தான் போடுவது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது, கோலம் போடுவது, கையெழுத்து வைப்பது, ஒருவர் தம் நாளை எதனால் நிரப்புகிறாரோ அத்தனையும் தொழில். ஆங்கிலப் பெயரை 1914-இல் அமெரிக்காவிலே ஜோர்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர் இட்டார். அவர் தாமே நோயால் உடம்பின் ஒரு பக்கம் வழங்காமற் போய்த் தேறியவர். 1917-இல் அவர் வீட்டிலே சிலர் கூடி இத்துறைக்கு முதற் சங்கத்தை அமைத்தார்கள். இந்தியாவிலே இதை நாட்டியவர் கமலா நிம்ப்கர் என்ற அம்மையார். பிறப்பால் அமெரிக்கர், இந்தியரை மணந்து இந்தியரானவர். 1950-இல் பம்பாய் கெம் ஆஸ்பத்திரியிலே பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். உலகச் சம்மேளனம் 1952-இல் அமைந்தபோது முதல் அங்கத்துவ நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

ஆனால் கைக்கும் தொழிலுக்கும் உள்ள உறவை நம் தமிழ்நாட்டிலே உலகம் பார்க்கும்படி காட்டியவர் வேலூரிலே இருந்த டாக்டர் போல் பிராண்ட். கொல்லிமலையிலே 1914-இல் பிறந்த ஆங்கிலேயர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் சத்திரசிகிச்சையை அங்கே வளர்த்தார். கை நிமிர்ந்தவர்கள் சில காலம் கழித்துத் திரும்பி வந்தார்கள்; நன்றி சொல்ல அன்று, முறையிட. முடங்கிய கையைக் கண்டு பிச்சை போட்டவர்கள் நல்ல கைக்குப் போடுகிறார்களில்லை. தொழுநோயாளி என்று தெரிந்தவர்கள் வேலையும் கொடுக்கிறார்களில்லை. பிராண்ட் அதைக் கேட்டுக் கோபப்படவில்லை. கையைச் சரியாக்கியது பாதி வேலைதான் என்று கண்டுகொண்டு, தச்சுத் தொழில் பழகுவதற்கு ஒரு குடியிருப்பையே ஏற்படுத்தினார். உளியும் வாளும் பிடித்த அந்தக் கைகளிலே ஏன் புண் வருகிறது, எந்தப் பிடியில் வருகிறது என்று ஒவ்வொரு கருவியாகப் பார்த்துப் பிடியை மாற்றினார்.

தொழுநோய்க் கை வேறு, முடக்குவாதக் கை வேறு. அங்கே நோவு தெரியாது. தெரியாததால் கை அழிகிறது. இங்கே நோவு மிகுதி. நோவைப் பொறுத்துக்கொண்டு வேலை செய்வதால் கை அழிகிறது. என் தாயாரின் பொறுமையை ஊரே புகழ்ந்தது. அந்தப் பொறுமைதான் அவர் கையைத் தின்றது என்று இன்று சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

இனிச் சிம்பைப் பற்றி. ஆஸ்பத்திரியிலே "ஸ்பிளின்ட்" என்பார்கள். கை முறிந்தால் நாட்டு வைத்தியர் மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டுகிறாரே, அதே இனந்தான். ஆனால் முறிவுக்கு வைப்பது அசையாதிருக்க. முடக்குவாதத்திலே வேலைக்குப் போடும் மணிக்கட்டுச் சிம்பு அசைவதற்காக! மணிக்கட்டை மாத்திரம் பத்திலிருந்து முப்பது பாகை வரை பின்னால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, விரல்களை வேலை செய்ய விடுகிறது. சற்று முன் நீங்கள் கை பொத்திப் பார்த்தீர்களே, அந்த இரண்டாவது நிலை. தளர்ந்துபோன நாண்கள் செய்ய வேண்டிய வேலையைச் சிம்பு செய்கிறது.

முன்னே பிளாஸ்டர், தோல், தகடு இவற்றாற் செய்தார்கள். இப்பொழுது ஒருவகைப் பிளாஸ்டிக் தகடு வருகிறது. 65, 70 பாகைச் சுடுநீரிலே ஒரு நிமிஷம் போட்டால் வாட்டிய வாழையிலை போலத் துவண்டுவிடும். துடைத்துச் சூடு பார்த்துக் கைமேல் வைத்து அழுத்தினால் கையின் மேடு பள்ளம் எல்லாம் பதிந்து சில நிமிஷத்திலே கெட்டியாகிவிடும். செய்வது லேசு, பொருந்தச் செய்வது லேசன்று. உள்ளங்கையிலே விரல் மடியும் ரேகை இருக்கிறதே, சிம்பின் விளிம்பு அதற்குக் கீழே நின்றுவிட வேண்டும். ஒரு நெல்லளவு மேலே போனாலும் விரல் அடியிலிருந்து மடியாது. என் தாயாருடையது அங்கேதான் பிழைத்தது. பெருவிரல் மற்ற விரல்களைத் தொட இடம் வேண்டும். பின்பக்கம் முன்கையில் மூன்றில் இரண்டு பங்கு வரை போக வேண்டும்; குட்டையாக இருந்தால் விளிம்பு தோலை வெட்டும். சுண்டுவிரற் பக்கத்திலே மணிக்கட்டில் ஓர் எலும்பு முட்டி நிற்கும்; அதிலே படக்கூடாது. கழற்றிய பிறகு சிவப்பு இருபது நிமிஷத்தில் மறையாவிட்டால் அது பொருந்தவில்லை. திருப்பிக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் கோபிப்பார்களோ என்று பயப்படுகிறவர்கள் நம்மவர்கள். திருத்துவதும் எங்கள் வேலைதான். சுடுநீரிலே இளகுகிற பொருள் அடுப்படியிலும் இளகும் என்பதையும் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும். அடுப்புத் திட்டிலே காய வைத்த சிம்பு அகப்பை மாதிரி வளைந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மருந்துக் கடைகளிலே துணியும் உள்ளே ஒரு தகடுமாக விற்பதும் இந்த வேலையைச் செய்யும், அளவு சரியாக இருந்தால்.

இது எவ்வளவு உதவும்? உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். சிம்பு நோயை மாற்றாது. வேலை செய்யும்போது உண்டாகும் நோவைக் குறைக்கும்; பலருக்குப் பிடியை உறுதியாக்கும். 2008-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியிலே 33 நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வேலைச் சிம்பு கொடுத்து நாலு கிழமை பார்த்தார்கள். போட்டவர்களுக்கு மணிக்கட்டு நோவு தெளிவாகக் குறைந்தது. சிறிய ஆராய்ச்சிதான். இரவிலே முழுக்கையையும் ஓய்வாக வைக்கும் சிம்புக்கு அவ்வளவு ஆதாரம் கிடைக்கவில்லை. சிலருக்குச் சுகமாக இருக்கிறது, போடட்டும். விரல் சாய்வதை எந்தச் சிம்பும் நிச்சயமாகத் தடுக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

அதோடு, நல்லது என்று இருபத்துநாலு மணி நேரமும் போட்டால் மணிக்கட்டு இறுகிப்போகும், தசை மெலியும். பாரமான வேலைக்குப் போட்டு, வேலை முடிந்ததும் கழற்றி, கையை மெதுவாக எல்லாப் பக்கமும் அசைக்க வேண்டும். அசைவும் மருந்துதான். 2015-இல் லான்செட் சஞ்சிகையிலே வந்த பிரித்தானிய ஆராய்ச்சியில் 490 நோயாளிகள் சேர்ந்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு, கையை நீட்டி மடக்கிப் பலப்படுத்தும் பயிற்சியையும் முறையாகச் செய்தவர்களுக்கு ஒரு வருஷம் கழித்தும் கை கூடுதலாக வழங்கிற்று. வீங்கி நோகும் மூட்டைப் பயிற்சி கெடுத்துவிடும் என்ற பழைய அச்சம் மெய்யாகவில்லை.

ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒன்றிலே கொழுந்து பறிப்பவர். நான் சிம்பு செய்து கொடுத்து, எல்லாம் தெரிந்தவன் போல, "மலைக்குப் போகும்போது போடுங்கள், அம்மா" என்றேன். அடுத்த கிளினிக்குக்குச் சிம்பைப் பையிலே வைத்துக்கொண்டு வந்தார். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. இதப் போட்டா கொழுந்து வரல. கை திரும்ப மாட்டேங்குது. மழ பேஞ்சா உள்ள தண்ணி நிண்டு தோலு ஊறிப் போவுது" என்றார். இந்தத் தரம் நான் ஆணியை நினைத்துக்கொண்டேன். "சரி அம்மா, காலையிலே எழுந்தது முதல் படுக்கும் வரை கையாலே என்னென்ன செய்கிறீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்றேன். முக்கால் மணி நேரம் சொன்னார். பீலித் தண்ணீர் இரண்டு வாளி தூக்குவது, விறகு முறிப்பது, தேங்காய் துருவுவது, ரொட்டிக்கு மாப் பிசைவது, சேலை பிழிவது. மலைக்குப் போகுமுன்னரே அந்தக் கை அரைநாட் பாரத்தைச் சுமந்துவிடுகிறது! கொழுந்தோ, நினைத்துப் பார்த்தால், பாரமில்லாத வேலை. அதற்கு வேகமும் திருப்பமும் வேண்டும். ஆகவே திட்டத்தைத் தலைகீழாக்கினோம். சிம்பு வீட்டு வேலைக்கு, கொழுந்துக்கு வெறுங்கை. வீட்டிலே மிச்சம் பிடித்த கையை மலைக்குக் கொண்டுபோனார். அவருக்கு நோவு குறைந்தது. எனக்குத் தொழில் தெரிந்தது.

பிரான்ஸ் தேசத்துப் பேர்போன ஓவியர் ரெனுவாருக்கு ஐம்பது வயதளவில் இந்நோய் வந்தது. கடைசியில் நடக்கவும் முடியாமற் போயிற்று. 1919-இல் இறக்கும் வரை வரைந்தார். கையிலே தூரிகையைக் கட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை உலாவுகிறது; அது சரியன்று. 1915-இல் எடுத்த ஊமைப்படத்திலே பார்க்கலாம்: மகன் தூரிகையை விரல்களுக்கிடையில் வைக்கிறான், அவர் வரைகிறார். துணி சுற்றியிருந்தது உள்ளங்கைத் தோல் புண்ணாகாமல் இருக்க. கை எட்டாத இடத்துக்குக் கையை நீட்டாமல், சீலையையே உருளையிலே சுற்றி அருகே இழுத்துக்கொண்டார். கையை வேலைக்கு ஏற்றபடி வதைக்காமல், வேலையைக் கைக்கு ஏற்றபடி திருப்பினார். சித்திரக்காரருக்குச் செய்ய முடிந்ததை ரொட்டி தட்டுகிறவருக்கும் செய்யலாம்.

எப்படி என்றால், வாளியை விரலிலே தொங்கவிடாமல் முன்கையிலே மாட்டலாம். ஒரு வாளியை இரண்டு அரைவாளி ஆக்கலாம். சட்டியை ஒரு கையால் காதிலே பிடித்துத் தூக்காமல், இரண்டு உள்ளங்கையையும் அடியிலே கொடுத்துத் தூக்கலாம். ஈரத் துணியைப் பிழியாமல் குழாயிலே சுற்றி இழுத்தால் நீர் வடிந்துவிடும். மாவைக் கொஞ்சம் தண்ணீர் கூட்டி இளக்கமாகப் பிசைந்தால் பாதி நோவு குறையும். அல்லது வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகள் பிசையட்டுமே, அவர்கள் கைக்கு என்ன வந்தது? கத்திப்பிடி, அகப்பைப் பிடி, துடைப்பப் பிடி எல்லாம் மெல்லியதாக இருந்தால் விரல் இறுகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றித் தடிப்பாக்கினால் போதும். கடையிலே வாங்க ஒன்றுமில்லை.

இப்பொழுது செயலாளர் எதிர்பார்த்த நேரத்துக்கு வருகிறேன். இந்நோயிலே முதல் மூன்று முதல் ஆறு மாதம் பொன்னான காலம். அதற்குள்ளே சரியான மருந்து தொடங்கினால் எலும்பு அரிபடுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். சிம்புக்கே வேலை குறையும். என் தாயார் காலத்திலே அந்த வாய்ப்பு நமக்கு எட்டியிருக்கவில்லை. 1948-இல் கோட்டிசோன் வந்து, கண்டுபிடித்தவர்களுக்கு 1950-இல் நோபெல் பரிசும் கிடைத்தது. வீக்கம் மாயம் போல இறங்கிற்று, ஆனால் நெடுநாள் கொடுத்தால் வேறு கேடுகள் வந்தன. இன்று முதல் மருந்தாகக் கொடுப்பது மெதொட்ரெக்சேட். அதன் பின்னே சென்னையிலே படித்த ஒருவர் இருக்கிறார். எல்லாப்பிரகட சுப்பராவ், 1895-இல் பீமவரத்திலே பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலும் சென்னை வைத்தியக் கல்லூரியிலும் படித்து அமெரிக்கா போனவர். அங்கே அவர் தலைமையிலே இருந்த ஆராய்ச்சிக் குழுவினர் இரத்தப் புற்றுநோய்க்கென்று இம்மருந்து வகையை உண்டாக்கினார்கள். 1948-இல் அவர் இறந்தார். சிறிய அளவிலே கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்கும் என்பது நிலைபெற்று அமெரிக்காவிலே அங்கீகாரம் கிடைத்தது 1988-இல்.

இம்மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இதைக் கிழமைக்கு ஒருநாள் மாத்திரம் எடுக்க வேண்டும். நாள்தோறும் என்று பிழையாக விளங்கிக்கொண்டு எடுத்தால் உயிருக்கே ஆபத்து. வாசிக்கத் தெரியாத முதியவர் வீட்டிலே இருந்தால், எந்தக் கிழமை என்று நாட்காட்டியிலே சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுங்கள். இடையிடையே இரத்தப் பரிசோதனை தப்பக்கூடாது, மதுவும் ஆகாது, பிள்ளை பெறும் உத்தேசமுள்ள பெண்கள் முன்கூட்டியே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் தூரதேசத்திலே கிடைப்பவை அல்ல. தெல்தெனியவிலே ஆதார வைத்தியசாலை இருக்கிறது. திகனையிலே புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. கண்டியிலே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையிலே பணம் கட்ட வேண்டியதில்லை. இல்லாதது வேறு. ரங்கலைப் பக்கமிருந்தோ ஹுன்னஸ்கிரியப் பக்கமிருந்தோ ஒரு தாய் கிளினிக்குக்கு வருவதென்றால் ஒருநாட் பேர் போகும், பஸ் காசு போகும், எந்தக் கதவு என்று கேட்கப் பாஷையும் போதாது. ஆகையால் அவர் வருவதில்லை; கையைச் சேலைத் தலைப்புக்குள்ளே மறைத்துக்கொள்கிறார். சங்கத்து இளைஞர்களிடம் நான் கேட்பது, மாதத்தில் ஒரு நாள் இருவராக முறை வைத்து இப்படிப்பட்டவர்களோடு கூடப் போவதுதான். கூடப் போகிறவர் வைத்தியருக்கு இரண்டு விஷயம் சொன்னாற் போதும்: காலையில் எவ்வளவு நேரம் கை விறைக்கிறது, கையாலே என்ன வேலை செய்கிறார். தச்சு வேலை தெரிந்த தம்பிமார் இரண்டு பேர் பின்னேரத்திலே லயங்களுக்குப் போய்க் கத்திப்பிடிகளைத் தடிப்பாக்கிக் கொடுக்கலாம். பீலியடியிலே திருகு குழாய் இருந்தால், தட்டித் திறக்கும் நீண்ட கைப்பிடிக் குழாயாக மாற்றித் தரும்படி தோட்டத்தாரைக் கேட்கலாம்.

அந்த மேசைமேல் மூன்று சிம்புகள் வைத்திருக்கிறேன். ஒன்று சரியாகச் செய்தது. ஒன்று அடுப்பிலே வளைந்தது. மூன்றாவது பிளாஸ்டரிலே செய்தது, நாடா இற்றுவிட்டது. அது என் தாயாருடையது. கூட்டம் முடிந்ததும் வந்து எடுத்துப் போட்டுப் பாருங்கள்; சரியானதைப் போட்டுக்கொண்டு ஒரு தேநீர்க் கோப்பையைத் தூக்கிப் பாருங்கள், பிறகு பிளாஸ்டரைப் போட்டுக்கொண்டும் தூக்கிப் பாருங்கள். காலையிலே கை விறைக்கிறவர் யாராவது இங்கே இருந்தால், எல்லோரும் போன பிறகு வாருங்கள். கடைசி பஸ் வரும் வரை நான் இங்கேதான் இருப்பேன்.